ரெண்டாவது பெட்டி

காசிலிங்கம் அண்ணாச்சியின் ரேடியோ கடைக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுத் தொம்மையை உட்கார வைத்துவிட்டார்கள். இனி ஓட முடியாது.

ஒரே ரேடியோ, இரண்டு ஒலிப்பெட்டி. ஒன்று கடையின் இடது மூலையில், இன்னொன்று வலது மூலையில். யுத்தம் முடிந்து கப்பலில் சாமான் வரத் தொடங்கியதும் அண்ணாச்சி செய்த முதல் காரியம் இதுதான். நடுவில் உட்கார்ந்து கேட்டால் நாகஸ்வரக்காரரே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

படகு முதலாளி மூஸா நெய்னாவுக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தினமும் செய்தியும் பாட்டும் கேட்கிற வீட்டுக்கு ஒரு பெட்டி போதாதா என்பது அவர் கேள்வி.

அதற்காகத்தான் இந்தப் பந்தயம். உட்காருகிறவன் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி ஏதாவது ஒரு பெட்டியை நிறுத்துவார், இல்லாவிட்டால் இரண்டையும் பாட விடுவார். சத்தம் எந்தப் பக்கம் என்று அவன் சொல்ல வேண்டும்.

"கடலுக்குள்ள போயிட்டு வாரவன் காதுதாம்லே காது. தொம்மை சரியாச் சொல்லட்டும், வாங்கிருதேன்" என்றார் மூஸா நெய்னா.

தொம்மை வாசல் பக்கம் பார்த்தான்.

அவனுக்கு இடது காது கேட்காது. போன வருடம் சங்கு குளிக்கும்போது, பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில், படீரென்று உடைந்தது. மூக்கில் ரத்தம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். மனைவி பிளாரன்ஸிடம்கூட மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து உலகத்துச் சத்தமெல்லாம் அவனுக்கு வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது.

நாளைக் காலையில் மூஸா நெய்னா இந்த வருடச் சங்குகுளிக்கு ஆள் எடுக்கிறார். காது உடைந்தவனைப் படகில் ஏற்ற மாட்டார். தண்ணீருக்குள் தலை சுற்றிச் செத்தால் யார் பதில் சொல்வது என்பார்.

அதைவிடப் பெரிய பயம் கஸ்பார். பிளாரன்ஸின் அண்ணன்.

குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணன் பார்த்துக்கொண்டிருப்பான்? காது போனது தெரிந்தால் கஸ்பார் கயிற்றைத் தொடக்கூட மாட்டான்.

அவனோடு ஏற்கெனவே தகராறு வேறு. போன வருடம் பாதியிலிருந்து ஏழு பாகத்துக்கு மேல் அவன் கயிறு விடுவதில்லை. நல்ல சங்கெல்லாம் அதற்கும் கீழே கிடக்கும். இவன் கருமி மாதிரி இழுத்துப் பிடிப்பான். கேட்டால் கை வலிக்கிறது என்பான். சோம்பேறி என்று தொம்மை முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறான்.

"கண்ணை நான் கட்டுதேன்" என்று கஸ்பார் முன்னால் வந்தான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தொம்மையின் கண்ணைச் சுற்றினான். முடிச்சுப் போடவில்லை. இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றான்.

நாகஸ்வரம் எழுந்தது. வலது பக்கம்.

"வலது" என்றான் தொம்மை. சரிதான் என்றது கூட்டம்.

மறுபடியும் நாகஸ்வரம். இதுவும் வலது பக்கமே கேட்டது. சத்தம் கொஞ்சம் அடங்கின மாதிரியும் இருந்தது, அடங்காத மாதிரியும் இருந்தது. மாதாவே, காப்பாத்து என்று வேண்டிக்கொண்டு, வலது என்று சொல்ல வாயெடுத்தான்.

துண்டு இழுபட்டது. இடது நெற்றிப்பொட்டில், ஒரே ஒரு தடவை, மெதுவாக.

அந்த இழுப்பு அவனுக்குத் தெரியும். பத்து வருடமாகக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிற கை அது.

"இடது" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

மூன்றாம் தடவை இரண்டு பொட்டிலும் துண்டு இறுகியது. "ரெண்டும்."

கடையே ஆர்ப்பரித்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ரெண்டு பெட்டி வேண்டும் என்று தூத்துக்குடிக்கே தீர்ப்புச் சொன்னவன் ஒற்றைக் காதுக்காரன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ரெண்டையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, விடிந்ததும் படகுக்கு வந்துவிடு என்று தொம்மையின் முதுகில் தட்டினார் மூஸா நெய்னா.

துண்டை எடுத்தபோது தொம்மையின் கண் ஈரமாக இருந்தது. வெளிச்சம் கூசுகிறது என்றான்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். வழக்கமாகக் கஸ்பார் வலது பக்கமாகத்தான் வருவான். எத்தனை மாதமாக அப்படி வருகிறான் என்பது இப்போதுதான் தொம்மைக்கு உறைத்தது. ஆனால் இன்று அவன் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தான். வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் தலையை ஆட்டித் தப்பித்துக்கொள்வதுதான் தொம்மையின் பழக்கம். இன்று நின்றான்.

"இங்கன வந்து சொல்லு மச்சான். அந்தக் காது கேக்காது."

சொன்னதும் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கின மாதிரி இருந்தது.

கஸ்பார் சிரித்துக்கொண்டே தன் பழைய இடத்துக்கு, வலது பக்கத்துக்கு, வந்து சேர்ந்தான்.

"இந்த வருசமும் ஏழு பாகந்தான்னு சொன்னேன் மாப்ள."