லோவீசாவின் கன்னம்

முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில்.

லோவீசா கத்தவில்லை. எட்டு வயதுக்கு அவ்வளவு அழுத்தம். அதுவே பண்ணைக்காரர் தாவெத்திக்கு வெறியேற்றியது. பிர்ச் விளாறு முறிந்ததும் கையால் அறைந்தார். சுவரில் மோதி விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தார்.

விளைந்த ரை தானிய வயலில் மாடுகள் இறங்கிவிட்டன. வேலிக்கதவைத் திறந்து போட்டது அவள்தானாம். விடிந்ததிலிருந்து அவள் என்னோடு தொழுவத்தில் இருந்தாள் என்று கத்தினேன். பால் கறக்கிறவள் பேச்சை யார் காதில் வாங்குவார்?

எங்கள் ஊரில் அநாதைப் பிள்ளைகளைத் தேவாலய வாசலில் ஏலம் விடுவார்கள். வளர்க்க ஊர்ப் பணத்தில் குறைந்த தொகை கேட்பவருக்குப் பிள்ளை. இவளை எடுத்தவர் தாவெத்தி. அடித்தாலும் கொன்றாலும் கேட்க நாதியில்லை.

அப்போதுதான் ஓவியர் ஆர்விட் ஐயாவின் நினைவு வந்தது. ஹெல்சிங்கியிலிருந்து வந்து எங்கள் களஞ்சியத்தில் தங்கியிருந்தார். இவளுடைய அடிபட்ட முகத்தை வரைந்து தலைநகரில் மாட்டினால், பெரிய மனிதர்கள் அழுது இந்த ஏலத்தையே நிறுத்திவிடுவார்கள் என்பார். பாவம், படம் பாதியில் இருக்கும்போதே அவள் காயம் ஆறிவிட்டது. அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

களஞ்சியத்துக்கு ஓடினேன்.

"ஐயா, அந்த மனுசன் பிள்ளையைக் கொன்னுபுடுவான், சீக்கிரம் வாங்க!"

வந்தார். "போதும்" என்றார். தாவெத்தியின் கை அப்படியே நின்றது. கடவுள் அனுப்பிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடி வாங்கிய பிள்ளை அடித்த கைக்கு முத்தமிட்டு நன்றி சொல்ல வேண்டும். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். லோவீசா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தாவெத்தியின் கையைப் பிடிக்கப் போனாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்குடி நன்றி? நீ கதவைத் தொறந்து போட்டதைக் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாரே ஐயா, அவருக்குச் சொல்லு."

லோவீசா ஓவியர் முன்னால் போய் முழங்கால் மடித்து வணங்கினாள். வீங்கிய வாயால் நன்றி சொல்லி அவர் கையை எடுத்தாள்.

விரல்களில் ஊதா வண்ணம் ஈரமாக இருந்தது. காயத்தின் நிறத்தை அவர் முன்கூட்டியே குழைத்து வைத்திருந்தார்.