ஆமென் சொல்லாதவள்

தோட்டவெளிக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்ததும் உபதேசியார் சிங்கராசா கோபத்தோடு பெற்றிசியாவின் வீட்டுக்கே போய்விட்டார். மரித்தோருக்கான மன்றாட்டை அவர் வாசித்து முடித்தபோது கோயிலே "ஆமென்" என்றது. முன்வரிசை வாங்கில் இருந்த அவள் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆமென் எகிப்துக்காரரின்ர சாமிப் பேர் எண்டு ஊருக்குள்ள நோட்டீஸ் குடுக்கிறாங்கள். நீயும் அதை நம்பிப்போட்டியோ?"

"நான் ஒரு நோட்டீசும் வாசிக்கேல்லை."

"அது எபிரேயச் சொல், பிள்ளை! எங்கட தமிழ் 'ஆம்'தான் அங்க போனது எண்டும் சிலர் சொல்லுகினம். எங்கயிருந்து வந்தாலும் கருத்து, 'அப்படியே ஆகட்டும்' எண்டதுதான். அதைச் சொல்ல உனக்கென்ன கஷ்டம்?"

அவள் கதிரையை விட்டு எழுந்தாள்.

"கருத்துத் தெரிஞ்சபடியால்தான் சொல்லேல்லை, உபதேசியார். செத்தவையின்ர பேரோட என்ர மகன் ஜெறோமின்ர பேரையும் வாசிச்சனீங்கள். சண்டைக் காலத்தில அவனைப் பிடிச்சுக்கொண்டு போனதை இந்தக் கண்ணால கண்டனான். செத்ததை ஆர் கண்டது? என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டதுக்கு, பெத்தவள் நான் 'அப்படியே ஆகட்டும்' எண்டு சொல்லவோ?"

சிங்கராசாவின் கை சட்டைப்பையைத் தொட்டது. மரித்தோரின் பெயர்கள் எழுதிய கடதாசி அதில்தான் இருந்தது.

"எடுங்கோ அதை," என்றாள் அவள். "அவன்ர பேரை எனக்கு முன்னால வெட்டுங்கோ."