எரிந்துபோன சர்க்யூட்

மோட்டார் கம்பெனியில் தலைமை டிசைனர் பதவிக்கு இன்ஜினியரம்மாவுக்கும், மாமனார் முதலாளி என்பதால் உள்ளே நுழைந்த மாப்பிள்ளைக்கும் போட்டி. இருவரும் செய்து கொண்டுவந்த சர்க்யூட்டுகள் கம்பெனி மோட்டாரை நன்றாகவே ஓட்டின.

முதலாளி எதிரிக் கம்பெனியின் மோட்டாரை மேசைமேல் வைத்தார். "இதையும் ஓட்டுங்க பார்ப்போம்."

அவளுடைய சர்க்யூட் புது மோட்டாரைத் தானே அளந்துகொண்டு, சத்தமில்லாமல் சுழற்றியது.

"எந்த மோட்டாருக்கும் ஒத்துப்போகும் சார்!"

மாப்பிள்ளையுடையது குப்பென்று புகைந்தது. "மன்னிச்சிடுங்க மாமா" என்று தலையைத் தொங்கப்போட்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை? பதவி உங்களுக்குத்தான்!"

"சார், அது எரிஞ்சே போச்சு!" என்று பதறினாள் அவள்.

"எரியட்டும்மா. உன்னோடதை வாங்கினவன் நாளைக்கு எவன் மோட்டாரை வேணும்னாலும் மாட்டிக்குவான். மாப்பிள்ளையோடதை வாங்கினவன், மோட்டார் போச்சுன்னா நம்மகிட்டதானே வந்தாகணும்?"

மாப்பிள்ளை மெல்ல நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதை யோசிச்சுத்தான் மாமா அப்படிச் செஞ்சேன்!"