ஒரு வாளி வெள்ளை

ஒரே ஒரு ஊரில், ஒரே மொட்டைமாடிக்குக் கீழே ரெண்டு குடித்தனம் இருந்ததாம். நடுவில் மாடிப்படி. ஒரு பக்கம் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். மறுபக்கம் வாடகைக்கு வந்த மெக்கானிக், அவன் மனைவி, பிறந்து ரெண்டே மாசமான பிள்ளை.

பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. உச்சி வெயிலில் கூரை காய்ந்து அறை கொதிக்கும். அழுது அழுது தொண்டையே கட்டிப்போகும்.

"சார், மாடிக்கு அந்தக் கூலிங் பெயின்ட் அடிச்சுக் குடுங்க. வெள்ளையா இருந்தா வெயில் உள்ள இறங்காதாம்." மூணு தடவை கேட்டுவிட்டான் மெக்கானிக்.

"பார்க்கலாம் தம்பி."

அதுக்கு மேல் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதிசயம்.

அன்றைக்கு மதியம் சாப்பிட வந்தவனுக்கு மாடியில் பிரஷ் தேய்கிற சத்தம் கேட்டது. ஒரே மூச்சில் படியேறினான்.

பாதி மாடி பளீர் வெள்ளை. மீதிப் பாதி வெறும் சிமென்ட். செருப்பைத் தாண்டிச் சுட்டது. தலையில் துண்டோடு வீட்டுக்காரர் வாளியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மீதி?"

"ஒரு வாளிதான் வாங்க முடிஞ்சுது. அடுத்த மாசம்..."

"அடுத்த மாசம் வெயிலே போயிடும் சார்! உங்க தலைக்கு மேல மட்டும் குளுகுளுன்னு அடிச்சுக்கிட்டீங்க. என் பிள்ளை வேகணுமா?"

"தம்பி, அது வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். இப்பவே காலி பண்றோம்."

விடுவிடுவென்று சிமென்ட் பக்கம் போனான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து கத்தினான்.

"ஏய், சாமானைக் கட்டு! இந்த வீடே நமக்கு வேணாம்!"

கீழே தன் வாசலில் அட்டையால் விசிறிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னையா கட்டச் சொல்றே? நல்லா இருக்கே! உன் வீடு அந்தப் பக்கம்ப்பா, அவர் வெள்ளை அடிச்சிருக்காரே, அதுக்குக் கீழே. படி ரெண்டு தடவை திரும்புதுல்ல, எனக்கே பக்கம் மாறிப்போகும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசு. பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கான்."

மெக்கானிக் திரும்பினான். அந்த வெள்ளைப் பாதியைப் பார்த்தான்.

வீட்டுக்காரர் காலி வாளியைச் சத்தம் வராமல் தூக்கிக்கொண்டு, பூனை நடை நடந்து படியிறங்கிப் போனார்.