கீரிச் சீட்டு

வல்லரசின் நாகம் படமெடுத்து நின்றது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில் பைக் மேல் உட்கார்ந்தபடி, அவன் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவரஞ்சனி வரும் பஸ் இன்னும் வரவில்லை. எதிராளி கடைசிச் சீட்டை இறக்கிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

பேர் என்னவோ வல்லரசுதான். போனில் ஆடுகிற இந்தச் சீட்டு விளையாட்டில் ஒன்றரை வருடமாக ஐயா அடியிலிருக்கும் கடைசிப் படியைத் தாண்டியதில்லை. தறி ஃபிட்டர் வேலையை முடித்துவிட்டு ஆசையாக உட்கார்ந்தால், ஐந்தாம் படி ஆறாம் படியிலிருந்து பெரிய கைகள் வந்து நாலே சீட்டில் சோலியை முடித்துவிட்டுப் போகும்.

வீட்டில் இதே புலம்பல். சோற்றில் கை வைத்தாலும் புலம்பல், பாயில் தலை சாய்த்தாலும் புலம்பல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிவரஞ்சனியின் காதில் அவன் ஓதியது இதைத்தான்.

"மாட்டுவண்டிப் பந்தயத்துலகூட பெரிய மாடு தனி, சின்னதுல பூஞ்சிட்டு தனி, தேன்சிட்டு தனி. கன்னுக்குட்டிகூட பெரிய மாட்ட ஓடவிட்டா கமிட்டிய சும்மா விடுவாகளா? இங்க மட்டும் கேக்க நாதியில்ல பாத்தியா!"

மனு எழுதுவது சிவரஞ்சனிக்குத் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறாள். புருசன் புலம்பியதை மாடு உட்பட இங்கிலீஷில் தட்டி, விளையாட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

அவன் சொல்லாததையும் சேர்த்திருந்தாள். பெரிய கைகள் வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கி, சின்ன ஆட்களைப் பிடித்து அடிக்கிற தந்திரத்தைக்கூட விடவில்லை. இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவளுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டான்.

கம்பெனி இறங்கி வந்தது. இன்று சாயங்காலம் ஐந்தரை மணியிலிருந்து கடைசிப் படிக்காரருக்குக் கடைசிப் படிக்காரரே எதிராளி. சீட்டும் அந்தப் படிக்குரியது மட்டும்தான் இறக்க முடியும். எந்த ஊர்க் கம்பெனியோ, அவர்கள் குலம் தழைக்கட்டும்.

வல்லரசுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில்தான் காலையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"சமமான ஆளுகிட்ட ஒருக்கா தோத்தாக்கூட இந்த ஆட்டத்தையே விட்டுருதேன். உன் மேல சத்தியம்."

"சரிங்க" என்று சிவரஞ்சனி டிபன் பாக்ஸை மூடினாள்.

ஐந்தரைக்குக் காத்திருந்து முதல் ஆளாக நுழைந்தான். அந்த நேரத்தில் கடைசிப் படியில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். கிடைத்த எதிராளியின் பேர் தேன்சிட்டு. நம்ம ஊர்ப்பக்கத்துப் பயல் எவனோ போல. அவனும் பதினொரு மாதமாகக் கடைசிப் படியிலேயே கிடக்கிறான், பாவம்.

இதோ, தேன்சிட்டு கடைசிச் சீட்டை இறக்கிவிட்டது.

கீரி!

வல்லரசு சிரித்தே விட்டான். அடி பலம் கிடையாது, ஒரு தட்டுக்குத் தாங்காது. அவனிடமும் ஒன்று இருந்தது. எதற்கும் ஆகாது என்று தள்ளிவிட்டு மாசக்கணக்காகிறது.

சிரிப்பு அடங்குவதற்குள் நாகம் செத்துக் கிடந்தது. விஷமுள்ள சீட்டை மட்டும் கீரி ஒரே கடியில் முடித்துவிடுமாம். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒன்றரை வருடத்தில் அவன் அதைப் படித்ததே இல்லை.

தோற்றாயிற்று. ஒரு நொட்டைகூடச் சொல்ல முடியாத, சரிக்குச் சமமான ஆட்டத்தில்.

விட்டுவிடுவதா? எப்படி விடுவது? நியாயம் கிடைத்த முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா மனு போட்டான்?

அவன் தோற்றதை யார் பார்த்தார்கள்? அவனும் தேன்சிட்டும்தான். தேன்சிட்டு யாரோ, எவனோ.

'ஜெயிச்சிட்டேன்!' என்று சிவரஞ்சனிக்குச் செய்தி தட்டினான். கோப்பைப் படம் ஒன்றையும் சேர்த்துவிட்டான்.

பஸ் வந்து நின்றது. இறங்கி வந்தவள் "சந்தோசங்க" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்த நேரம் இருங்கள் என்று கை காட்டிவிட்டு, எதிரே பூ வாங்கப் போனாள். அவள் மேல் சத்தியம் பண்ணியது நினைவுக்கு வந்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கீரியால் வந்தது. எங்கிருந்துதான் முளைத்ததோ!

இந்த விளையாட்டில் சீட்டுக்குச் சீட்டு தனி எண் உண்டு. எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது பிளாக்செயினில் பதிந்துவிடும், எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலச் சீட்டுக்கும் பார்க்கலாம். கீரியின் எண்ணைத் தொட்டான்.

இப்போது வைத்திருப்பவர்: தேன்சிட்டு.

கைமாறிய நாள்: ஜனவரி 16.

முன்பு வைத்திருந்தவர்: வல்லரசு, ராஜபாளையம்.

ஜனவரி பதினாறு, மாட்டுப்பொங்கல். வண்டிப் பந்தயம் பார்த்துவிட்டு வந்த மத்தியானம், ஆட்டத்தை எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று புதுப்பெண்டாட்டி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். இருப்பதிலேயே உதவாத சீட்டாகப் பார்த்து ஒன்றை அவளுக்குத் தள்ளிவிட்டான். அவள் என்ன பேரில் ஆடப்போகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

பின்னால் வந்து உட்கார்ந்தவளின் பூ வாசம் அடித்தது.

"ஜெயிச்ச ஆளு ஏன் இப்பிடி முழிக்கிறீக? வண்டிய எடுங்க."