இரண்டு விரல் குறைவு

"நாய் நிமிந்து நின்னா காது கூரையில இடிக்குது. ரெண்டு விரல் குறையுது, தம்பி. வேற கூண்டு வாங்கிட்டு வாங்க."

டார்வின் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில், பதிவு மேசைக்காரி நோலீன் அளவு நாடாவைச் சுருட்டினாள். ட்ரென்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு மணி விமானத்தில் நாய் ஏறாவிட்டால் வேறு நாய் பார்த்துக்கொள்வதாக, அதை வாங்கவிருந்த மெல்போர்ன்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். சட்டம் பேசுகிறவர்களைக் கண்டாலே ட்ரென்ட்டுக்கு ஆகாது.

"நாய் இங்கயே இருக்கட்டும். இந்த வெயில்ல அதை ஏன் அலைக்கழிக்கிறீங்க?"

காலையிலிருந்து ட்ரென்ட்டைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்த அந்தச் செவலை நாய், அவள் காலடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. நாள் முழுக்க நாய்களோடு பழகுகிற கை, அந்த வாசனைதான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்து, பெரிய கூண்டோடு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான்.

"தண்ணிக் கிண்ணம் கதவோட சேத்து மாட்டியிருக்கணுமே?"

மாட்டினான்.

"அடியில ஈரம் உறிஞ்சுற விரிப்பு?"

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, அக்கா!" காரிலிருந்து தன் குளியல் துண்டையே எடுத்துவந்து விரித்தான்.

"சரி, நாயை உள்ள விடுங்க. ஒரு சுத்து தாராளமா திரும்புதான்னு பாக்கணும்."

"டியூக், திரும்புடா! டேய் டியூக்!" நாலு தரம் கூப்பிட்டும் நாய் காதைக்கூட அசைக்கவில்லை.

"மெதுவா திரும்பட்டும், ஒண்ணும் அவசரமில்ல" என்றபடி நோலீன் வாசலை எட்டிப் பார்த்தாள். மணி பதினொன்றரை.

"அவசரமில்லையா? காலையிலேர்ந்து என் உயிரை வாங்குறீங்க!" ட்ரென்ட் மேசையை ஓங்கித் தட்டினான். "இன்னும் என்ன விதி பாக்கி இருக்கு? எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க!"

நோலீன் வாயைத் திறப்பதற்குள் வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி உள்ளே வந்தார்கள்.

"வர்றதுக்கு இவ்வளவு நேரமா? என்கிட்ட இருந்த விதியெல்லாம் தீந்துபோச்சு!" என்று நோலீன் அவர்கள்மேல் எரிந்து விழுந்தாள். பிறகு மண்டியிட்டுக் கூண்டைத் திறந்தாள்.

"மாங்கோ, வாடா, வீட்டுக்குப் போலாம்."