முதல் மாடிப் பின்னறை

அட்ராக்டா டன்ஃபி மண்டியிட்டு, நூலில் கட்டிய காந்தத்தைத் தரைப்பலகை இடுக்கில் இறக்கினாள்.

மேலே வந்தபோது அது முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. அத்தனையும் தையல் குண்டூசி.

“முப்பத்தொரு வருஷமா கீழ விழுந்ததைக் குனிஞ்சு எடுக்காம, காலாலேயே இடுக்குல தள்ளிப் பழகிட்டேன். இப்பச் சொல்லு தம்பி, இது யார் ரூம்?”

தம்பி என்றது நிர்வாகி கிலியனை. டப்ளினில் ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வீடுகளைப் பழுதுபார்த்து, கலைஞர்களுக்கு வேலைக்கூடங்களாக விடும் அறக்கட்டளைக்குப் புதிதாக வந்தவன். முன்பு இங்கே தொழில் செய்தவர்களுக்கே முதல் உரிமை என்பது அவர்களே போட்ட விதி. அவள் கேட்டது தன் பழைய அறையை.

இருநூற்றைம்பது வருஷத்து வீட்டில் குண்டூசி யாருடையதாகவும் இருக்கலாம் என்றான் கிலியன். பழுதுபார்க்கும் முன் எடுத்த கணக்கெடுப்புத் தாளை வாசித்தான். முதல் மாடிப் பின்னறை. கிடங்கு. ஆள் புழக்கம் இல்லை.

ஜன்னல் சட்டத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த நான் தூரிகையை டப்பாவில் எறிந்தேன். கோபம்தான்.

அந்தத் தாளில் ஜன்னல் கண்ணாடிகள் பன்னிரண்டு. கூரை விளிம்பில் ஏழு அங்குல விரிசல். தையல் மெஷின் ஒன்று, இஸ்திரிப் பெட்டி ஒன்று, துணிச்சுருள்கள் பத்தொன்பது. இத்தனையும் எண்ணியவருக்கு, இவற்றின் நடுவே ஒரு மனுஷி வேலை செய்கிறாள் என்று தோன்றவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் பூசைக்குப் போயிருந்தாள். பக்கத்துக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கேட்கவில்லை.

இந்த இடத்தை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன். கோபம் இன்னும் சரியாக வரவில்லை.

படித்த முட்டாள் என்று திட்டிக்கொண்டே அவள் தாளைப் பிடுங்கினாள். பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். இல்லை. தாளை என்னிடம் நீட்டினாள்.

“கண்ணு, நீ வாசி. கீழ யார் பேர் இருக்கு? அந்த ஆளைக் கூட்டிட்டு வந்து இந்த ஊசி மேல நிக்க வைக்கிறேன்.”

கட்டடப் பாதுகாப்பு மாலை வகுப்பு, முதலாம் ஆண்டுப் பயிற்சி என்று தாளின் அடியில் இருந்தது. அதன் கீழே கையெழுத்து. சுத்தமான எழுத்து.

முதல் தடவை வகுப்பின் பெயரை மட்டும் வாசித்தேன்.

இரண்டாம் தடவை என் பெயரை வாசித்தேன்.